முள் ஏறும் வீடுகள்

மெல்போர்ன் நகருக்கு வடக்கே ரிசர்வாயர் என்ற பெயரிலேயே ஒரு புறநகர் இருக்கிறது. ரயில் நிலையப் பலகையிலும் அஞ்சல் முகவரியிலும் அதே பெயர்தான். அந்தப் பெயருக்குக் காரணமான நீர்த்தேக்கம் 1864இல் கட்டப்பட்டது. தேக்கம் என்றதும் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் இடம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கே அதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. வடக்குக் குன்றுகளிலிருந்து தலைதெறிக்க இறங்கி வரும் தண்ணீரை நகருக்குள் விடும் முன் நிறுத்தி, வேகத்தை ஆற்றி அனுப்ப வேண்டும்.

இன்றைக்கு அதே மெல்போர்னில், ஜூலை மாதக் குளிரில், வெந்நீர் பாய்லர் வைத்துள்ள வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. சுவரில் மாட்டிய பாய்லரின் பிரஷர் கேஜில் முள் காலையில் ஒன்றரை பாரில் நிற்கிறது. சூடு ஏற ஏற மூன்றைத் தொடுகிறது. வீட்டுக்கு வெளியே ஒரு சின்னக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிகிறது. எங்கிருந்து வந்தது இந்த அழுத்தம்? வீட்டுக்காரருக்கு இது புதுக் கவலை. நகரத்துக்கோ நூற்றைம்பது ஆண்டுகளைத் தாண்டிய பழைய கவலை.

மெல்போர்னில் ஐரோப்பியர் குடியேறியது 1835இல். 1851இல் மெல்போர்ன் இருக்கும் விக்டோரியாவில் தங்கம் கிடைத்ததும் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து குவிந்தார்கள். குடிக்க இருந்ததெல்லாம் யாரா ஆறு. குளிப்பு, துவைப்பு, தோல் பதனிடும் கழிவு எல்லாம் போய்ச் சேர்ந்ததும் அதே ஆற்றில்தான். ஆற்றில் மொண்ட தண்ணீரை வண்டிக்காரர்கள் பீப்பாயில் ஏற்றித் தெருத் தெருவாக விற்றார்கள்.

இந்த நிலையை மாற்ற வழி சொன்னவர் ஒரு முன்னாள் கைதி. ஜேம்ஸ் பிளாக்பர்ன் லண்டனில் ஹோல்போர்ன், ஃபின்ஸ்பரி பகுதிகளின் சாக்கடை ஆணையத்தில் வேலை பார்த்தவர். பண நெருக்கடியில் கள்ளக் காசோலை எழுதி 1833இல் பிடிபட்டார்; தண்டனை நாடுகடத்தல். இன்று டாஸ்மேனியா எனப்படும் வான் டீமன்ஸ் லேண்டில் சாலைகளும் பாலங்களும் தேவாலயங்களும் கட்டியே தண்டனைக் காலத்தைக் கழித்தார். மன்னிப்புப் பெற்று 1849இல் மெல்போர்னுக்கு வந்தார், அதே ஆண்டில் நகர சர்வேயரும் ஆனார். பிளென்டி ஆற்றின் நீரை யான் யீன் என்ற இடத்தில் மண்கரை கட்டித் தேக்கி, முப்பது கிலோமீட்டருக்கு மேல் இரும்புக் குழாயில் நகருக்குக் கொண்டுவரலாம் என்பது அவர் திட்டம். பம்பு கிடையாது, நிலக்கரி கிடையாது, சரிவு ஒன்றே போதும். 1853 டிசம்பரில் வேலை தொடங்கியது. மூன்றே மாதத்தில், 1854 மார்ச்சில், பிளாக்பர்ன் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். நல்ல தண்ணீருக்காகத் திட்டம் தீட்டியவர் கெட்ட தண்ணீரால் பரவும் நோயில் போனதை எழுத்தாளர் யாராவது கதையில் வைத்தால் மிகையென்றுதான் விமர்சகர்கள் சொல்வார்கள்.

1857 டிசம்பர் 31 அன்று யான் யீன் தண்ணீர் நகருக்குத் திறக்கப்பட்டது.

யான் யீன் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 183 மீட்டர் உயரம். நகர மையத்தின் தாழ்ந்த தெருக்களோ கடல்மட்டத்தை ஒட்டியவை. பத்து மீட்டர் உயர நீர்த்தம்பம் ஏறக்குறைய ஒரு பார், அதாவது 100 கிலோபாஸ்கல் அழுத்தம் தரும். மேலே சொன்ன உயரத்துக்குக் கணக்குப் போட்டால், யாரும் குழாயைத் திறக்காத நடுராத்திரியில் நகரத்துக் குழாய்களில் 15 பாருக்கு மேல் அழுத்தம் நின்றிருக்க வேண்டும். இன்றைய ஆஸ்திரேலிய விதிப்படி ஒரு வீட்டுக்குள் இருக்கக்கூடிய உச்சம் 5 பார்தான். பகலில் எல்லாரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் அழுத்தம் சரியும். இரவில் மூடினால் மறுபடி ஏறும். வார்ப்பிரும்புக் குழாய்களுக்கும் அவற்றின் ஈய இணைப்புகளுக்கும் இந்த ஏற்ற இறக்கம் ஆகாது.

இதற்கு மாற்றுத்தான் 1864இன் நீர்த்தேக்கம். நீளமான குழாயின் நடுவே வானம் பார்த்த ஒரு தொட்டியை வைத்துவிட்டால், மேலிருந்து வரும் அழுத்தம் முழுவதும் அந்தத் தொட்டியிலேயே தீர்ந்துவிடும். அதற்குக் கீழே போகும் குழாய்க்குத் தொட்டியின் உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் அழுத்தம். தேவை குறையும்போது தொட்டி நிறையும், கூடும்போது இறங்கும். தண்ணீருக்கு ஏறி இறங்க ஓர் இடம் கொடுத்தால் போதும், அது குழாயை உடைக்காது. இந்த எளிய உபாயம் இந்த நகரத்தின் கதையில் திரும்பத் திரும்ப வேறு வேறு உருவத்தில் வருகிறது.

சிட்னிக்கு நேர்மாறான தலைவலி. அங்கே தண்ணீர் வந்தது, தள்ளு விசைதான் வரவில்லை. முதலில் டேங்க் ஸ்ட்ரீம் என்ற ஓடை. பிறகு லாக்லன் சதுப்பிலிருந்து ஹைட் பார்க் வரை கைதிகள் 1827 முதல் 1837 வரை பாறையைக் குடைந்து அமைத்த சுமார் 3.6 கிலோமீட்டர் சுரங்கமான பஸ்பிஸ் போர். அடுத்து பாட்டனி சதுப்பு. கடைசியில் நெப்பியன் ஆற்றுத் திட்டத்தின் அங்கமாக 1888இல் ப்ராஸ்பெக்ட் அணை வந்தது. பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூங்காபி என்று சிட்னித் தமிழர்கள் நெருங்கி வாழும் மேற்குப் புறநகர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அந்த அணை. அதன் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் மட்டுமே. மேட்டுப் பகுதி வீடுகளுக்குத் தானாக ஏறாது. நீராவிப் பம்பு வைத்துத் தூக்க வேண்டியிருந்தது. ஒரே நாடு, ஒரே நூற்றாண்டு. ஒரு நகரம் அழுத்தத்தைக் குறைக்கத் தொட்டி கட்டியது, மற்றது ஏற்றுவதற்கு நிலக்கரியை எரித்தது.

இவ்வளவு தொல்லை கொடுத்த அழுத்தத்தை விற்றே பிழைக்கலாம் என்று கண்டவர்களும் இருந்தார்கள்.

1880களில் நில வியாபாரச் சூட்டில் மெல்போர்னில் கட்டடங்கள் மளமளவென்று உயர்ந்தன. எலிசபெத் தெருவும் ஃப்ளிண்டர்ஸ் லேனும் சந்திக்கும் மூலையில் எழுந்த ஆஸ்திரேலியன் பில்டிங்குக்குப் பன்னிரண்டு மாடி. லிஃப்ட் இல்லாமல் அதை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? நகரம் முழுவதும் மின்சாரம் இன்னும் வரவில்லை. இங்கிலாந்தில் ஹல் நகரில் 1877இலும் லண்டனில் சில ஆண்டுகள் கழித்தும் ஒரு புதுத் தொழில் தொடங்கியிருந்தது. ஓர் இடத்தில் நீராவி எஞ்சினால் தண்ணீரை அழுத்தி, தெருவுக்கடியில் தடித்த குழாய்களில் அனுப்பி, லிஃப்டுக்கும் கிரேனுக்கும் அழுத்துப் பொறிகளுக்கும் விற்பது. பயன்படுத்திய அளவுக்கு மீட்டர் போட்டுக் காசு. இந்தத் தொழிலை மெல்போர்னுக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு ஜார்ஜ் ஸ்வின்பர்ன் என்ற இளம் பொறியாளருக்கு உண்டு. 1886இல் இங்கிலாந்திலிருந்து வந்து மாமா ஜான் கோட்ஸுடன் சேர்ந்தவர். மெல்போர்ன் ஹைட்ராலிக் பவர் கம்பெனியின் குழாய்களில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு சுமார் 750 பவுண்டு, அதாவது 50 பாருக்கு மேல். யான் யீன் குழாய்களைப் பயமுறுத்திய அழுத்தத்தைப் போல மூன்று மடங்கு! ஸ்வின்பர்ன் பின்னாளில் அரசியலுக்குப் போய் அமைச்சரானார். 1908இல் அவர் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிதான் இன்றைய ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகம்.

சிட்னியிலும் 1891 முதல் இதே வியாபாரம் நடந்தது. டார்லிங் ஹார்பரில், பியர் தெருவில், அதன் பம்பு நிலையம் இருந்தது. துறைமுகத்தில் கம்பளிப் பொதிகளைக் கப்பலில் அடுக்கத் தோதாக நசுக்கும் பொறிகளும், நகரத்து லிஃப்டுகளும் அந்த நீரில் ஓடின. மின்சார மோட்டார் வந்த பிறகும் விடாமல் 1970கள் வரை தாக்குப்பிடித்தது. அந்தச் செங்கல் கட்டடம் பிறகு மதுக்கூடமாகிவிட்டது.

இந்த நிலையங்களில் முக்கியமான பொருள் எஞ்சின் அல்ல, அக்யூமுலேட்டர். நெட்டுக்குத்தான ஒரு பெரிய உருளை. அதன் பிஸ்டன் மேல் பல டன் பாரம். யாரும் லிஃப்டை இயக்காதபோது பம்பு தள்ளும் நீர் உருளைக்குள் போய்ப் பாரத்தைத் தூக்கும். பத்து லிஃப்ட் ஒரே நேரத்தில் ஏறினால் பாரம் இறங்கி நீரை வெளியே தள்ளும். குழாயில் அழுத்தம் ஏறக்குறைய மாறாது. இங்கிலாந்தின் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் 1850களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது இது. அதற்கு முன் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் அழுத்தத்துக்காக வானளாவிய கோபுரம் கட்டி, உச்சியில் தொட்டி வைத்திருந்தார். அடுத்த இடத்தில் கோபுரத்தைத் தாங்கும் மண் இல்லை. கோபுரத்தின் உயரம் செய்ததைப் பாரத்தைக் கொண்டு செய்துவிட்டார். ரிசர்வாயர் புறநகரின் தொட்டியும் இந்தப் பாரம் வைத்த உருளையும் செய்யும் வேலை ஒன்றே. ஒன்று வானத்துக்குத் திறந்திருக்கிறது, மற்றது மூடியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தெருவில் இத்தனை அழுத்தம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வீட்டுக்குள் வெந்நீர் வெகு சாதுவாக இருந்தது. ஆஸ்திரேலியக் குளியலறைகளில் ஏறக்குறைய 1880கள் முதல் 1960கள் வரை சிப் ஹீட்டர் என்ற தகர உருளை நின்றது. சுள்ளி, மரச்சிராய், பழைய செய்தித்தாள் எதைப் போட்டாலும் எரியும். நடுவில் புகைபோக்கி, சுற்றிலும் ஓடும் தண்ணீர். தமிழ்நாட்டு வீடுகளில் கொல்லைப்புறத்தில் நின்ற செம்பு பாய்லரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டிலும் தண்ணீர் காற்றோடு தொடர்பில் இருந்தது. கொதித்தால் ஆவி வெளியே போகும். வெந்துபோகலாம், வெடிக்க வழியில்லை.

அதற்கடுத்த தலைமுறையில் வெந்நீர்த் தொட்டி கூரைக்கடியில் ஏறியது. குழாயில் வரும் நீர் முதலில் மிதவை வைத்த சின்னத் தொட்டியில் விழும். அங்கிருந்து தன் எடையால் மட்டும் இறங்கும். ஷவரில் வெந்நீர் ஒழுகும், பாயாது. அழுத்தம் அரை பாரைக்கூட எட்டாது.

வசதியானவர்கள் வீட்டில் இதையே பெரிதாக்கி வீடு முழுவதையும் சூடாக்கினார்கள். அடித்தளத்திலோ துவைக்கும் அறையிலோ ஒரு வார்ப்பிரும்பு பாய்லர், அறைக்கு அறை ரேடியேட்டர், கூரையில் திறந்த விரிவுத் தொட்டி. எரிபொருள் முதலில் கோக் கரி. 1924இலிருந்து, ஜான் மோனாஷ் தலைமையில் இருந்த மாநில மின்சார ஆணையம் யாலோர்ன் பழுப்பு நிலக்கரியை அச்சில் அழுத்திச் செய்த பிரிகெட். முதல் உலகப் போரில் ஆஸ்திரேலியப் படையை நடத்திய அதே மோனாஷ்தான். மெல்போர்ன் வீடுகளுக்குப் பிரிகெட் அப்படி ஒட்டிக்கொண்டது. சிட்னியில் இந்தச் சமாசாரமே அபூர்வம். அங்கே ஜூலை இரவிலும் சராசரியாக எட்டு டிகிரி வரைதான் இறங்கும். மதியத்தில் ஸ்வெட்டரைக் கழற்றிவிடலாம். மெல்போர்ன் ஜூலை மதியமோ சராசரியாகப் பதினான்கு டிகிரியைத் தொடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் முதல் குளிர்காலத்திலேயே படித்துவிடும் பாடம் இது.

மூடிய வெந்நீர்ச் சுற்று என்ற எண்ணம் இதற்கெல்லாம் முந்தியது. ஆங்கியர் மார்ச் பெர்கின்ஸ் 1831இல் லண்டனில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். விரல் பருமனே உள்ள தடித்த இரும்புக் குழாய், முனைக்கு முனை இணைத்து முழுக்க மூடியது. ஒரு சுருள் அடுப்புக்குள், மீதி அறைகளுக்குள். அழுத்தத்தில் இருப்பதால் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் ஓடியது. கட்டடக் கலைஞர் ஜான் சோன், குளிரில் நடுங்கும் தன் லண்டன் வீட்டில், இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அதே வீட்டில், 1832இல் இதைப் பொருத்திக்கொண்டார். பெர்கின்ஸுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது. நீரைச் சூடாக்கினால் விரியும், நீரை நசுக்கவோ முடியாது. விரிந்த நீர் போக இடமில்லாவிட்டால் குழாய் பிளக்கும். ஆகவே சுற்றின் உச்சியில் காற்று நிரம்பிய ஓர் அகலக் குழாயைச் சேர்த்தார். விரியும் நீர் காற்றை அழுத்தும், ஆறும்போது காற்று நீரைத் திருப்பித் தள்ளும்.

இன்றைய பாய்லரின் சிவப்பு நிற விரிவுக் கலம், அதாவது எக்ஸ்பான்ஷன் டேங்க், பெர்கின்ஸின் அந்தக் காற்றுக் குழாய்தான். நடுவில் ஒரு ரப்பர் சவ்வு கூடுதல். சவ்வுக்கு ஒரு பக்கம் வெந்நீர், மறுபக்கம் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தில் காற்று.

மெல்போர்னில் இந்த மூடிய சுற்றுகள் பரவ வழி செய்தது கடலடி எரிவாயு. பாஸ் நீரிணையில் 1965இல் எரிவாயு கிடைத்தது. 1969 ஏப்ரலில் கேரம் பகுதி வீடுகளில் தொடங்கி, தெருத் தெருவாக அடுப்புகளும் ஹீட்டர்களும் இயற்கை எரிவாயுவுக்கு மாற்றப்பட்டன. அதற்கு அருகில்தான் சிவ விஷ்ணு கோயில் இருக்கும் கேரம் டவுன்ஸ். 1970 முடிவதற்குள் நகரம் முழுவதும் மாறிவிட்டது. எரிவாயு மலிவு, தீராது என்ற நம்பிக்கையும் இருந்தது. விறகும் பிரிகெட்டும் போய், தானாகப் பற்றிக்கொள்ளும் பாய்லர் சுவரில் ஏறியது. கூரைத் தொட்டியும் போய், தெருக்குழாயின் அழுத்தத்தை நேரடியாகத் தாங்கும் வெந்நீர்த் தொட்டி வெளிச்சுவர் ஓரம் நின்றது. ஷவர் பாய ஆரம்பித்தது.

அப்போதுதான் வீட்டுக்கு முதன்முறையாக ஆபத்தான பொருள் ஒன்று குடிவந்தது. பத்து பார் அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 180 டிகிரி வரை கொதிக்காமலே சூடாகும். அந்த நிலையில் தொட்டி கிழிந்தால் நீரின் ஒரு பகுதி கண்ணிமைக்கும் நேரத்தில் ஆவியாகும், ஆவியின் பரிமாணமோ ஆயிரத்தறுநூறு மடங்கு. இதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு தொட்டியின் தலையிலும் ஒரு வால்வு: அழுத்தம் குறித்த அளவைத் தாண்டினாலும் சரி, சூடு 99 டிகிரியை எட்டினாலும் சரி, தானாகத் திறந்து நீரை வெளியே கொட்டும். டெனிஸ் பாப்பின் 1679இல் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டிய எலும்பு வேகவைக்கும் பாத்திரத்தின் எடை வைத்த அடைப்பிலிருந்து வருவது இதன் வம்சம். சமையலறைக் குக்கரின் வெயிட்டுக்கும் அதே பாட்டன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வால்வின் நெம்புகோலை மெல்லத் தூக்கி விட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு தொட்டியின் கையேட்டிலும் அச்சிட்டிருக்கிறது. தூக்கிப் பார்ப்பவர்கள் அபூர்வம். வால்வு சொட்டுகிறது என்று மூடி போட்டு அடைத்தவர்களின் வேலைத்திறனைப் பிளம்பர்கள் கதை கதையாகச் சொல்வார்கள்.

வெந்நீர் என்பது எவ்வளவு நீளமான சங்கிலியின் கடைசிக் கண்ணி என்று விக்டோரியா 1998 செப்டம்பர் 25 அன்று தெரிந்துகொண்டது. லாங்ஃபோர்டில் எஸ்ஸோ நிறுவனத்தின் எரிவாயு ஆலை வெடித்தது. இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள், எட்டுப் பேர் காயமடைந்தார்கள். காரணமும் சூட்டையும் உலோகத்தையும் பற்றியதே. வெப்பப் பரிமாற்றக் கலன் ஒன்றுக்குச் சூடான எண்ணெய் வருவது நின்றுபோனது. வழக்கமாக நூறு டிகிரியில் இருந்த எஃகு உறைநிலைக்குக் கீழே 48 டிகிரி வரை போய்க் கண்ணாடிபோல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டது. மறுபடி சூடான எண்ணெயைத் திறந்ததும் விரிசல் விட்டது. நிறுவனம் பழியை ஆலைத் தொழிலாளி மேல் போடப் பார்த்தது. நீதிபதி டேரில் டாஸன் தலைமையிலான விசாரணை ஆணையம் அதை ஏற்கவில்லை. இந்த ஆபத்தைப் பற்றித் தொழிலாளர்களுக்குக் கற்பிக்காத நிறுவனத்தின்மேல்தான் தவறு என்றது.

அப்போது ஏறக்குறைய மாநிலத்துக்கே எரிவாயு வந்தது அந்த ஓர் ஆலையிலிருந்து. பதினான்கு லட்சம் வீடுகளுக்கு ஏறக்குறைய மூன்று வாரம் அடுப்பும் இல்லை, வெந்நீரும் இல்லை, பாய்லரும் இல்லை. அக்டோபர் தொடக்கத்து மெல்போர்ன் குளிர் சும்மா இல்லை. மின்சார வெந்நீர்த் தொட்டி வைத்திருந்த உறவினர் வீடுகளுக்கு அப்போது கிடைத்த மரியாதை தனி. சிட்னிக்கு எரிவாயு தெற்கு ஆஸ்திரேலியாவின் மூம்பாவிலிருந்து 1976 முதல் வந்துகொண்டிருந்ததால் அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

இனி அந்தச் சுவர் பாய்லரின் முள்ளுக்கு வரலாம். வரலாற்றை வைத்துப் பார்த்தால் அது அவ்வளவு புதிரில்லை. பத்து டிகிரியிலிருந்து எண்பது டிகிரிக்குச் சூடாகும்போது தண்ணீர் ஏறக்குறைய 2.9 சதவீதம் விரியும். வீட்டுச் சுற்றில் நூறு லிட்டர் இருந்தால் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீர் இடம் தேடும். விரிவுக் கலம் நலமாக இருந்தால் முள் ஒன்றரையிலிருந்து இரண்டு பார் பக்கம் போய் நிற்கும். கலத்தின் காற்று ஆண்டுகள் போகப் போக சைக்கிள் டியூப்பைப் போல மெல்லக் கசிந்துவிடும், அல்லது சவ்வு கிழிந்துவிடும். அப்போது விரிந்த நீருக்கு இடமில்லை. முள் கிடுகிடுவென்று மூன்றுக்கு ஏறும். மூன்று பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து நீரை வெளியே விடும். ஆறியதும் முள் அடிமட்டத்துக்கு விழும். வீட்டுக்காரர் தண்ணீரை நிரப்புவார். மறுநாள் அதே கூத்து. சூட்டில் ஏறி, ஆறினால் விழும் முள் என்றால் அனுபவசாலிகள் நேராகக் கலத்தின் காற்று வால்வின் ஊசியைத்தான் அழுத்திப் பார்ப்பார்கள். காற்று வந்தால் பம்பு அடித்துப் பார்க்கலாம். தண்ணீர் வந்தால் சவ்வு போய்விட்டது, கலத்தையே மாற்ற வேண்டும்.

பாய்லர் அணைந்து குளிர்ந்த பிறகும் முள் மெல்ல மெல்ல ஏறுகிறதென்றால் கதை வேறு. அங்கே குற்றவாளி சூடு அல்ல, தெருக்குழாய். சுற்றை நிரப்பும் வால்வு சரியாக மூடாமல் நகரத்து அழுத்தத்தைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விடுகிறது. குளிக்கும் நீரையும் அதே பாய்லர் சூடாக்குகிறதென்றால், இரண்டு நீரையும் பிரிக்கும் தகட்டிலோ சுருளிலோ ஒரு பொத்தல் விழுந்து, அழுத்தம் கூடிய குழாய்நீர் அழுத்தம் குறைந்த சூட்டுச் சுற்றுக்குள் நுழையலாம். நிரப்பு வால்வைத் தனியாக அடைத்துவிட்டு ஓர் இரவு காத்திருந்தால் எது என்று தெரிந்துவிடும். யான் யீனின் பழைய நடுராத்திரி அழுத்தம் இந்த வீட்டுக்குள் வந்த வழி அந்த வால்வு, இல்லையென்றால் அந்தப் பொத்தல்.

பாதுகாப்பு வால்வு வழியாக நாள்தோறும் கொஞ்சம் நீர் வெளியேறுவதும், நிரப்பு வால்வு வழியாக அதே அளவு உள்ளே வருவதும் ஒருவரும் கவனிக்காமலே மாதக்கணக்கில் நடக்கலாம். அதுதான் பெரிய சேதம். புது நீரோடு புது ஆக்ஸிஜன் வரும். எஃகு ரேடியேட்டர்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும். கறுப்புச் சேறு பம்பை அடைக்கும். சொட்டுகிற வால்வைத் திட்டுவதைவிட அது ஏன் சொட்டுகிறது என்று கேட்பதே மலிவு. விக்டோரியாவில் இந்த வேலையை உரிமம் பெற்ற பிளம்பர்தான் தொட வேண்டும், எரிவாயுப் பக்கத்தைத் தொட அதற்குத் தனி உரிமமும் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கேஜைப் பார்த்துக் குறித்துவைக்க மட்டும் யாருக்கும் உரிமம் தேவையில்லை.

எரிவாயு பாய்லரின் இந்த அத்தியாயமே இப்போது முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது. 2024 ஜனவரி முதல் விக்டோரியாவில் திட்ட அனுமதி தேவைப்படும் புது வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு கிடையாது. பழைய வீடுகளின் எரிவாயு வெந்நீர்த் தொட்டிகளும் ஆயுள் முடியும்போது மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்று அரசு அறிவித்திருக்கிறது. ரேடியேட்டர் வீடுகள் பாய்லரைக் கழற்றிவிட்டு, வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சும் ஹீட் பம்பை மாட்டத் தொடங்கியுள்ளன. அது எண்பது டிகிரிக்குப் போவதில்லை. ஐம்பதை ஒட்டி ஓடுவதுதான் அதற்கு லாபம். ஐம்பது டிகிரியில் நூறு லிட்டர் நீர் விரிவது 1.2 லிட்டர் மட்டுமே. முள் முன்போல் துள்ளாது. ஆனால் அதே அறையைச் சூடாக்க ரேடியேட்டர் இன்னும் பெரிதாக வேண்டும், சுற்றில் கொஞ்சம் கூடுதல் நீரைத் தேக்கி வைக்கத் தனித் தொட்டியும் சேரும். நூறு லிட்டர் நூற்றைம்பதோ இருநூறோ ஆகும்போது விரிவுக் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கிறது. பழைய சிவப்புக் கலத்தை அப்படியே விட்டுவிடலாமா, கழற்றலாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் பிளம்பர் அதன் காற்றை அளந்து பார்த்துத்தான் சொல்கிறார்.